மண்சுவர்ப் பூச்சும் அதன் செலவும்

மண்சுவரின் நாசம் பெரும்பாலும் அடியிலேயே ஆரம்பிக்கின்றது. இறவாணத்து நீர் தரையில் விழுந்து தெறித்துச் சுவரடியைக் கரைக்கின்றது. 20 அடி நீளமும் 8 அடி உயரமுமுள்ள சுவரின் பரப்பு 160 சதுர அடி. அடிப்பாகத்தில் 1½ அடி உயரம் மட்டும் பூசினால் 30 சதுர அடியே. ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. நறுக்கிய வைக்கோலை மண்ணுடன் குழைத்துச் சில நாள் புளிக்கவிட்டுப் பூசினால் வெடிப்புக் குறையும். சொந்த மண்ணும் வைக்கோலும் உள்ளவர்க்குக் கூலி ஒன்றே செலவு.

சிமெண்டுப் பூச்சே உறுதியென எண்ணிப் பணத்தை விரயம் செய்தலாகாது. அது மண்ணோடு நன்கு ஒட்டாது. உட்புகுந்த ஈரத்தை வெளிவிடாது தடுத்து, நாளடைவில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

மழைக்கு முன்னரே சுவரடியில் மண்ணைச் சரிவாக அணைத்து, நீர் விலகியோடச் செய்தல் வேண்டும். சுவர் சாய்ந்தபின் கடனுக்கு அலைவதைவிட, சங்கத்தில் சேமித்த சிறு தொகையால் வருஷந்தோறும் பழுதுபார்ப்பதே அங்கத்தினர்களுக்குச் சிக்கனமாகும்.