நேர்முகத் தேர்வில் ‘நான்’ என்று சொல்லலாம்

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.”

ஆங்கிலத்தில் கேட்டாலும் சரி, மலாயில் ‘செரித்தாக்கான் தெந்தாங் டிரி அண்டா’ என்று கேட்டாலும் சரி, நேர்முகத் தேர்வின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பார்கள் என்று தெரிந்தேதான் எல்லாரும் போகிறார்கள். இருந்தும் நம் பிள்ளைகளில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நம் பிள்ளைகள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் இருக்கும். பெயர், ஊர், அப்பா லாரி ஓட்டுநர், அம்மா வீட்டில் இருக்கிறார், நான்கு பேரில் நான் இரண்டாவது, எஸ்.பி.எம். முடித்த ஆண்டு, பிறகு டிப்ளோமா. அதோடு ஒரு புன்னகை. பேச்சு நின்றுவிடும்.

இது பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்லவேண்டிய விவரம். வேலை கொடுப்பவருக்குத் தெரியவேண்டியது வேறு. இந்த வேலையை இவரிடம் ஒப்படைத்தால் செய்து முடிப்பாரா? அதற்கு இவர் இதுவரை செய்த எது சாட்சி?

சாட்சி இல்லாமலில்லை. சொல்லத்தான் வாய் வருவதில்லை. தன்னைப் பற்றித் தானே பேசுவதை நம் வீடுகளில் அழகாக நினைப்பதில்லை. ‘ரொம்பப் பீத்திக்காதே’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து ‘இதை நான் செய்தேன்’ என்று எப்படிச் சொல்லும்? கல்லூரியில் செய்த திட்டப்பணியில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டால், “எல்லாரும் சேர்ந்து செஞ்சோம் சார்” என்கிறார்கள். பணிவான பதில்தான். ஆனால், எங்கள் கையில் இருக்கும் மதிப்பெண் தாளில் அந்த ‘எல்லாரும்’ என்பதற்குக் கட்டம் இல்லை. எதிரில் இருப்பவர் செய்தது என்ன என்று எழுதத்தான் இடம் இருக்கிறது. அந்தக் கட்டம் காலியாகவே கீழே போகும்.

கிடங்கு எழுத்தர் வேலைக்கு வந்த ஒரு பெண்ணை நினைவிருக்கிறது. பதில்கள் எல்லாம் ஒரு வரி, அரை வரி. என்னுடன் இருந்த மேலாளர் கோப்பை மூடியே விட்டார். நான் சும்மா, “விடுமுறையில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். தீபாவளிக்கு அம்மா முறுக்கும் அதிரசமும் செய்து விற்பாராம். யார் எத்தனை டின் கேட்டார்கள், யார் முன்பணம் கொடுத்தார்கள், எந்த வீட்டுக்கு எந்த நாளில் கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது இவர் வேலை. ஒரு வருடம் எண்ணெய் விலை ஏறியபோது, எந்தப் பலகாரத்தில் கைநட்டம் வருகிறது என்று கணக்குப் பார்த்து, அதைச் செய்யவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

மேலாளர் கோப்பைத் திறந்தார். சரக்கு இருப்பு, விநியோகம், வரவு, செலவு: கிடங்கில் நாங்கள் செய்வதும் அதுதான். அந்தப் பெண் இதை விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. ‘அது வீட்டு வேலைதானே மேடம்’ என்றார். வேலை கிடைத்தது. ஆனால், விடுமுறை பற்றிய கேள்வி எந்தப் பட்டியலிலும் இல்லாதது. நான் கேட்காமல் விட்டிருந்தால் அவர் ஊருக்குப் பஸ் ஏறியிருப்பார்.

ஆகவே தயாரிப்பு என்பது இணையத்தில் பதில் தேடுவதில் தொடங்கக்கூடாது என்பது என் கருத்து. ஒரு தாளை எடுத்து, கடந்த சில ஆண்டுகளில் செய்தவற்றை எழுதுங்கள். மாமா கடையில் கல்லாவில் நின்றது, கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையைப் பார்த்துக்கொண்டது, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு டியூஷன் எடுத்தது, இரவுச் சந்தையில் சித்தியின் கடைக்கு உதவியது, கிரேப் ஓட்டியது. எதையும் சின்னது என்று ஒதுக்கவேண்டாம். ஒவ்வொன்றிலும் என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது என்று எழுதுங்கள். மனிதவளத் துறையில் இதற்கு ‘ஸ்டார்’ முறை என்று பெயர்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. நம் பிள்ளைகள் சூழலை விளக்கியே நேரத்தைக் கழித்துவிடுவார்கள். நான் கேட்க விரும்புவது செயலை. சூழலுக்கு இரண்டு வாக்கியம் போதும்.

நல்ல கதைகள் ஐந்து கையில் இருந்தால், பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றையே திருப்பித் திருப்பிப் பயன்படுத்தலாம். ‘நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள்?’, ‘கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்?’, ‘உங்கள் பலம் என்ன?’ என்று கேள்வி மாறும். அன்னதான வரிசைக் கதை மூன்றுக்கும் பொருந்தும்.

‘உங்கள் பலவீனம் என்ன?’ என்ற கேள்விக்கு, ‘எதையும் நூறு விழுக்காடு சரியாகச் செய்யவேண்டும் என்று நினைப்பேன், அதுதான் என் பலவீனம்’ என்ற பதிலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரே காலைப்பொழுதில் மூன்று பேர் அதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பதில் எழுதி வாங்கி வருபவர்கள் வேறு. வாக்கியம் பளபளவென்று இருக்கும், அடுத்த கேள்வியிலேயே உடைந்துவிடும். உண்மையான, ஆனால் அந்த வேலையின் அடிப்படையையே அசைக்காத ஒன்றைச் சொல்லுங்கள். ‘மலாயில் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுத எனக்கு நேரம் எடுக்கிறது. எழுதி முடித்ததும் டேவான் பகாசாவின் இணைய அகராதியில் சரிபார்க்கிறேன், அனுப்புவதற்கு முன் நண்பர் ஒருவரிடம் காட்டுகிறேன்.’ குறையும் தெரிகிறது, அதற்கு அவர் செய்வதும் தெரிகிறது.

‘எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?’ என்பதற்கு அரை மணி நேரம் படித்தாலே போதும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் அதன் ஆண்டறிக்கை புர்சா மலேசியா இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

சம்பளக் கேள்விதான் அடுத்த பள்ளம். ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ என்றால், ‘நீங்க பார்த்துக் கொடுங்க’ என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உறவுக்காரர் கடையில் அது மரியாதையாக இருக்கலாம். நிறுவனத்தில் அது பட்ஜெட்டின் அடித்தட்டில் கொண்டுபோய் விடும். பிறகு வரும் சம்பள உயர்வுகளும் அந்த அடித்தட்டிலிருந்துதான் கணக்கிடப்படும். அதே வேலைக்கான விளம்பரங்கள் பத்தையாவது பார்த்து, ‘2,800 முதல் 3,200 ரிங்கிட் வரை’ என்று ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆக்கப்பட்டது. அது சட்டம் போட்ட தரை மட்டம்தான். டிப்ளோமா படித்தவர் பேச்சை அங்கிருந்து தொடங்கவேண்டியதில்லை.

எண்ணைச் சொல்வதற்கு முன் கைக்கு வருவது எவ்வளவு என்றும் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 2,800 ரிங்கிட் என்றால், 11 விழுக்காடாக 308 ரிங்கிட் உங்கள் பங்காக ஊழியர் சேமநிதிக்குப் போகும். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் இன்னும் சிறு தொகை. ஆக, கையில் 2,500-க்கும் குறைவு. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது 364 ரிங்கிட் செலுத்துவார். இதில் கவனிக்கவேண்டியது, போக்குவரத்துப் படிக்கும் கூடுதல் நேர ஊதியத்திற்கும் சேமநிதிச் சந்தா கிடையாது. அடிப்படையைக் குறைத்துப் போக்குவரத்துப் படியைக் கூட்டிக் காட்டும் சம்பளம் கேட்க இனிக்கும், சேமநிதியில் மெலிந்துவிடும். ‘இதில் அடிப்படை எவ்வளவு?’ என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடம் ‘எப்போது சேரலாம்?’ என்று கேட்பார்கள். ஆர்வத்தில் ‘நாளைக்கே’ என்று சொல்லாதீர்கள். இப்போதைய முதலாளியை அப்படி விட்டுவருபவர் நாளை எங்களையும் விட்டுப் போவார் என்றுதான் தோன்றும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதில் குறிப்பிடவில்லை என்றால் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம்.

இன்னொரு கேள்வியையும் சொல்லியாகவேண்டும். ‘மாண்டரின் தெரியுமா?’ வாடிக்கையாளர்களும் சரக்கு அனுப்புபவர்களும் அந்த மொழியில் பேசும் இடங்களில் இது நியாயமான கேள்வி. வேறு சில இடங்களில் அது கதவைச் சாத்தும் வழி. எது எது என்று நமக்கு உடனே தெரியாது. தலையைக் குனிந்து ‘இல்லை, சாரி’ என்று சொல்வதைவிட, “பேசத் தெரியாது. ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் வாடிக்கையாளர்களுடன் பேசியிருக்கிறேன். இந்த வேலையில் யாருடன் மாண்டரினில் பேசவேண்டி வரும்?” என்று கேளுங்கள். உண்மையான தேவை இருந்தால் அவர் விளக்குவார். இல்லையென்றால் பேச்சு பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

இதையெல்லாம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லவேண்டும். முதலில் தமிழில் அக்காவிடமோ சித்தப்பாவிடமோ கதையைச் சொல்லுங்கள். தமிழில் தெளிவாக வராத கதை ஆங்கிலத்தில் வராது. பிறகு ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ‘நாங்கள்’ எத்தனை முறை வருகிறது, ‘நான்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மனப்பாடம் செய்யவேண்டாம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் உறுதியாக இருந்தால் நடுவில் உள்ளது தானாக வரும். பெற்றோர் வாசல்வரை கொண்டுவந்து விடுவது நல்லதுதான். வரவேற்பறையில் பிள்ளைக்குப் பதிலாகப் பேசுவதை மட்டும் தவிர்த்துவிட்டால் போதும்.

முடிவில், ‘நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?’ என்பார்கள். ‘ஒன்றுமில்லை, தேங்க்யூ’ என்று எழுந்துவிடாதீர்கள். ‘இந்த வேலையில் முதல் மூன்று மாதத்தில் நான் என்ன முடித்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். மேலாளர்கள் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்து, முடிவு எப்போது தெரியும் என்றும் கேட்டு, அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அது கடந்து ஒரு வாரம் ஆகியும் தகவல் இல்லையென்றால், ஒரு மின்னஞ்சல் அனுப்பி விசாரிக்கலாம்.