மிலிட்டரி அகாடமியில் படித்த 4 ஆண்டுகள்... பென்ஷன் கணக்கில் சேருமா? அமெரிக்க விதி சொல்வது என்ன?

18 வயதில் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் சேர்கிறார் ஒருவர். 4 ஆண்டு படிப்பு, பயிற்சி. பிறகு 5 ஆண்டுகள் ராணுவ அதிகாரி வேலை. அதோடு சீருடையைக் கழற்றிவிட்டு, மத்திய அரசுத் துறை ஒன்றில் சிவில் ஊழியராகச் சேர்ந்துவிடுகிறார்.

ஓய்வு பெறும்போது அந்த 5 ஆண்டு ராணுவ சேவையைப் பென்ஷனுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால், அகாடமியில் படித்த 4 ஆண்டுகள்? "அது காலேஜ்தானே, அதுக்கெல்லாம் எங்கே பென்ஷன்" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அங்கேதான் பெரிய தொகை கைநழுவுகிறது.

அகாடமி படிப்பு 'சேவை'யா?

ஆம். வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ் கடற்படை அகாடமி, விமானப்படை அகாடமி, கடலோரக் காவல்படை அகாடமி ஆகியவற்றில் கேடட்டாக இருந்த காலம், சிவில் ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை ராணுவ சேவையாகவே கருதப்படுகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அதே 4 ஆண்டுகள், ராணுவ அதிகாரியின் சேவைக் காலத்தைக் கணக்கிடும்போது சேராது. ராணுவம் கணக்கில் எடுக்காததை, சிவில் பென்ஷன் எடுத்துக்கொள்கிறது!

சாதாரணக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆர்.ஓ.டி.சி பயிற்சி பெற்றவர்களின் கல்லூரிக் காலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

சும்மா கிடைக்குமா?

கிடைக்காது. பணம் கட்ட வேண்டும். இதற்கு 'மிலிட்டரி டெபாசிட்' என்று பெயர்.

இன்றைய மத்திய அரசு ஊழியர்களில் பெரும்பாலானோர் 1987-ல் நடைமுறைக்கு வந்த 'ஃபெர்ஸ்' ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார்கள். இதன்படி, ராணுவத்தில் வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 3% கட்டினால் போதும் (1999, 2000 ஆண்டுகளில் செய்த சேவைக்கு மட்டும் விகிதம் சற்று அதிகம்).

கேடட்டுகளின் சம்பளம் ரொம்பக் குறைவு. புதிய அதிகாரி ஒருவரின் அடிப்படைச் சம்பளத்தில் 35% மட்டுமே. அதனால் கட்ட வேண்டிய டெபாசிட்டும் குறைவு. அந்தக் காலத்துச் சின்னச் சம்பளம் இப்போது லாபமாக மாறுகிறது.

எவ்வளவு லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேடட்டாக மாதம் சராசரியாக 1,000 டாலர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 48 மாதங்களுக்கு 48,000 டாலர். அதில் 3% என்றால் 1,440 டாலர்.

ஃபெர்ஸ் பென்ஷன், ஒருவர் தொடர்ச்சியாக அதிகச் சம்பளம் வாங்கிய 3 ஆண்டுகளின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் அதில் 1%. அந்தச் சராசரி 1 லட்சம் டாலர் என்றால், 4 ஆண்டுகளுக்குக் கூடுதலாக ஆண்டுக்கு 4,000 டாலர். அதுவும் ஆயுள் முழுக்க.

62 வயதுக்கு மேல், 20 ஆண்டு சேவையோடு ஓய்வு பெற்றால் 1% என்பது 1.1% ஆகிவிடும். 16 ஆண்டு சிவில் சேவை மட்டும் உள்ளவருக்கு, அதே சராசரிச் சம்பளத்தில் ஆண்டுக்கு 16,000 டாலர்தான். அகாடமியின் 4 ஆண்டுகள் சேர்ந்து 20 ஆனால், 22,000 டாலர்!

எப்போது ஓய்வு பெறலாம் என்பதையும் இது மாற்றும். 1970 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர், 30 ஆண்டு சேவை இருந்தால் 57 வயதில் முழு பென்ஷனோடு வெளியேறலாம். 26 ஆண்டு சிவில் சேவை உள்ளவருக்கு மீதி 4 ஆண்டுகளை அகாடமியே தந்துவிடும். ஆனால் குறைந்தது 5 ஆண்டு சிவில் சேவை இருந்தாக வேண்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

வட்டி ஏறும். ஃபெர்ஸில் சேர்ந்த முதல் 2 ஆண்டுகளுக்கு வட்டி இல்லை. அதன்பிறகு வட்டி ஓடத் தொடங்கினாலும், ஆண்டுக்கு ஒருமுறைதான் கணக்கில் ஏறும். எனவே 3-வது ஆண்டு முடிவதற்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டியில்லாமல் தப்பிக்கலாம். அதற்குப் பிறகு கூட்டு வட்டிதான்.

அதைவிட முக்கியம், சிவில் வேலையை விட்டு விலகும் முன்பே முழுத் தொகையையும் கட்டி முடித்திருக்க வேண்டும்.

எப்படி விண்ணப்பிப்பது?

* ராணுவச் சேவைக்கான 'டிடி 214' சான்றிதழில் அகாடமி காலம் பெரும்பாலும் இருக்காது. அதனால் அகாடமியிலிருந்து சேவைச் சான்று அல்லது டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும்.
* 'ஆர்.ஐ 20-97' படிவத்தை அந்தந்தப் படையின் நிதிப் பிரிவுக்கு அனுப்பி, சம்பளக் கணக்கைப் பெற வேண்டும்.
* 'எஸ்.எஃப் 3108' படிவத்தோடு எல்லாவற்றையும் தன் துறையின் ஹெச்.ஆர் பிரிவில் கொடுக்க வேண்டும்.
* பணத்தை மொத்தமாகவோ, சம்பளத்தில் பிடித்தம் செய்து தவணையாகவோ கட்டலாம்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஏற்கெனவே ராணுவ பென்ஷன் வாங்குபவர்கள். ராணுவ சேவையை ஃபெர்ஸில் சேர்க்க, பொதுவாக அந்த பென்ஷனை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் ஹெச்.ஆரிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

இன்னொரு குழப்பமும் உண்டு. விடுமுறைக் கணக்குக்கான சேவைத் தேதியில் ராணுவ ஆண்டுகள் சேர்ந்திருப்பதைப் பார்த்து, 'பென்ஷனிலும் தானாகச் சேர்ந்திருக்கும்' என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. டெபாசிட் கட்டி முடித்ததற்கான ரசீது கையில் இருந்தால்தான் நிம்மதி.