இதயத்துக்கும் ரத்தம் வேண்டும்

உடல் முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இதயம், தனக்கு வேண்டிய ரத்தத்தை எங்கிருந்து பெறுகிறது? அதன் அறைகளில்தான் எந்நேரமும் ரத்தம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த ரத்தம் அறைகள் வழியே ஓடிப்போய்விடும். தடித்த இதயத் தசைக்கு அது போய்ச் சேராது. இதயம் தன் உணவுக்கு இரண்டு மெல்லிய குழாய்களையே நம்பியிருக்கிறது. அவற்றைக் காப்பதுதான் இதயத்தைக் காப்பது.

நான்கு அறைகள்

வளர்ந்தவரின் இதயம் சுமார் 300 கிராம் எடை இருக்கும். மார்பின் நடுவே, இரு நுரையீரல்களுக்கும் இடையில், நுனி இடப்பக்கம் சாய்ந்தபடி அமைந்திருக்கிறது. உடலைச் சுற்றி ஆக்சிஜன் குறைந்து வரும் ரத்தம் வலது மேலறையில் இறங்கி, வலது கீழறை வழியே நுரையீரலுக்குப் போகிறது. அங்கே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்புகிறது. இடது கீழறை அதை மகாதமனி என்னும் பெருங்குழாய்க்குள் செலுத்துகிறது. ரத்தம் பின்னோக்கிப் போகாதபடி நான்கு வால்வுகள் தடுக்கின்றன. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் 'லப்-டப்' அவை மூடும்போது எழும் ஓசை.

வலது கீழறை பக்கத்திலுள்ள நுரையீரல் வரை தள்ளினால் போதும். இடது கீழறையோ உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். அதனால் அதன் சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமனானது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர், நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்கிட்டால், ஒரு நிமிடத்தில் 5 லிட்டர் ரத்தம் வெளியேறுகிறது. உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

தமனி, தந்துகி, சிரை

ரத்தம் உடலைச் சுற்றி வந்து மீண்டும் இதயத்தையே அடைகிறது என்பதை 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி விளக்கினார். இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் தமனியிலிருந்து, அதைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்கு அது எப்படிப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி, தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே தந்துகிகளைக் கண்டார். சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் அளவுக்கே இடமுள்ள இக்குழாய்களில்தான் ஆக்சிஜனும் சத்தும் திசுக்களுக்குக் கைமாறுகின்றன.

தமனிச் சுவர் தடித்தது, இழுபடக்கூடியது. சிரையில் அழுத்தம் குறைவு. காலிலிருந்து ரத்தம் மேலேற, கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரையைப் பிழிய வேண்டும். மணிக்கணக்கில் நின்றபடி வேலை செய்வோருக்கு இது சரியாக நடக்காததால் காலில் ரத்தம் தேங்கும். சிரைகள் புடைத்துச் சுருளும் வாய்ப்பும் கூடும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. இது உடல்நலத்துக்கும் அவசியமான ஏற்பாடு.

தளரும்போதுதான் உணவு

மகாதமனி தொடங்கும் இடத்திலேயே இரண்டு கரோனரி தமனிகள் பிரிந்து இதயத் தசைக்குள் கிளைக்கின்றன. அவற்றின் அகலம் 3 முதல் 4 மில்லி மீட்டர். இதயம் சுருங்கும்போது தசைக்குள் இருக்கும் கிளைகளும் நெரிபடும். ஆகவே இடது கீழறைக்குப் பெரும்பகுதி ரத்தம், இதயம் தளரும் அந்த அரை நொடியில்தான் கிடைக்கிறது. வேகமாகத் துடிக்கும்போது தேவை கூடும். தளரும் நேரமோ குறையும். படியேறும்போது நெஞ்சு இறுகி, உட்கார்ந்ததும் சரியாகிவிட்டால், கரோனரி தமனி சுருங்கியிருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடைப்பு வரும் வழி

புகையிலை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை தமனியின் உட்படலத்தைப் புண்படுத்துகின்றன. கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து பல ஆண்டுகளாகப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்தால், அதன்மேல் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடும்; இதுவே மாரடைப்பு. சிறிய படிவுகூட வெடிக்கலாம். அதனால்தான் அதுவரை எந்த வலியும் இல்லாதவருக்கும் மாரடைப்பு வருகிறது.

'வாயு' என்று காத்திருக்காதீர்கள்

நெஞ்சின் நடுவே அழுத்தம், தோள், தாடை, இடது கைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியோருக்கு வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். இறந்த தசை மீளாது. தானே வண்டி ஓட்டிப் போகாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவி மாத்திரைகள் தரப்படுகின்றன.

முன்னரே செய்ய வேண்டியவை

புகையிலையை அறவே விடுங்கள். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் அதில் சேரும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடங்கள். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டால் தலைவலி இல்லை என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரை தொடங்கியவர்கள், அழுத்தம் சரியானதும் தாங்களாக நிறுத்தக் கூடாது. அது சரியாக இருப்பதே மாத்திரையால்தான். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. இந்த வாரமே போய்ப் பாருங்கள்; வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.