போட்டி வந்தால் கால் வேகம் கூடுகிறது, கணக்கு ஏன் தப்புகிறது?

2012 ஆகஸ்ட் 7, லண்டன் ஒலிம்பிக் சைக்கிள் அரங்கம். பெண்கள் ஸ்பிரின்ட் இறுதிப் போட்டியின் முதல் ஓட்டத்தில் பிரிட்டனின் விக்டோரியா பெண்டில்டன், ஆஸ்திரேலியாவின் அன்னா மியர்ஸை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தினார். ஆனால் தன் தடத்தை விட்டு விலகிவிட்டார் என்று நடுவர்கள் அந்த வெற்றியைப் பறித்தார்கள்.

எதிராளி அருகில் இருந்தால் உடம்புக்கு என்ன ஆகிறது?

1898இல் அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயப் பதிவுகளை அலசினார். கடிகாரத்தோடு தனியாக மோதியவர்களைவிட, ஆளோடு ஆள் மோதியவர்களே வேகமாக ஓட்டியிருந்தார்கள். பரபரப்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது. தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. கவனம் எதிராளி மேல் இருப்பதால் களைப்பும் சட்டென்று உறைப்பதில்லை.

கால்களுக்கு இது லாபம். ஆனால் ஸ்பிரின்டில் கால் பலம் பாதிதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும். பின்னால் வருபவர் அவர் மறைவில் சக்தியை மிச்சம் பிடிப்பார். அதனால் கடைசிச் சுற்று வரை இருவரும் ஒருவரையொருவர் நோட்டம் விடுவார்கள். இரண்டாவது ஓட்டத்தில் மியர்ஸ் சைக்கிளைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டார். வேறு வழியின்றி முன்னால் போன பெண்டில்டனைப் பின்னாலிருந்து முந்தித் தங்கம் வென்றார்.

நன்றாகப் பழகிய செயலைப் பரபரப்பு மெருகேற்றும், பழகாத புதுச் செயலைக் குழப்பும் என்று 1965இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் விளக்கினார். நொடியில் எடுக்கவேண்டிய புது முடிவும் அப்படித்தான். பிரிட்டன் அணி மனநல மருத்துவர் ஸ்டீவ் பீட்டர்ஸை உடன் வைத்திருந்தது இதற்காகத்தான்: உணர்ச்சி எது, யோசனை எது என்று பிரித்தறிய வீரர்களைப் பழக்கினார்.