உரக்கடைக் கைக்கருவி: உழவர் அறிய வேண்டியவை

சம்பா நெல்லுக்கு மேலுரம் இட வேண்டிய நாளில் கடைக்குச் சென்ற உழவர், "கருவி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்ற பதிலோடு திரும்ப நேரிடுவதுண்டு. தாம்பரத்தை அடுத்த அகரம்தென், முடிச்சூர், படப்பை போன்ற ஊர்களில் வீட்டுமனைகளுக்கு நடுவே எஞ்சியுள்ள வயல்களில், ஒவ்வொரு மூட்டை நெல்லும் கணக்குக்குரியது. கதிர் உருவாகும் பருவத்தில் தழைச்சத்து தாமதித்தால் விளைச்சல் குறையும். ஆகவே, அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, எங்கே தடைபடுகிறது என்பதை உழவர் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

கருவி ஏன் வந்தது?

45 கிலோ யூரியா மூட்டையின் விலை ரூ.266.50. இதில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. மூட்டையின் அடக்கவிலையோ இதைவிடப் பன்மடங்கு. மீதியை மத்திய அரசு உர நிறுவனங்களுக்கு மானியமாகக் கொடுக்கிறது. முன்பு உரம் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தவுடனேயே மானியத்தின் பெரும்பகுதி வழங்கப்பட்டது. 2016-ல் சில மாவட்டங்களில் சோதனை நடத்தி, 2018 மார்ச்சில் நாடெங்கும் இம்முறை மாற்றப்பட்டது. உரம் விற்பனையாகிக் கருவியில் பதிவான பின்னரே இப்போது மானியம் கிடைக்கும்.

கருவி ஒரு சன்னல்

விற்பனையின் முழுக் கணக்கும் தொலைவிலுள்ள மையக் கணினியில் இருக்கிறது. கைக்கருவி அதைப் பார்க்கவும் அதில் பதியவும் உதவும் சன்னலே ஆகும்.

இம்முறை பழையது. 1978-ல் வெளிவந்த விடி-100 என்னும் முனையத்தில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள் தெரியும். நாம் தட்டுவதைப் பெரிய கணினிக்கு அனுப்பி, அது தரும் விடையைக் காட்டுவதே அதன் வேலை. பெரிய கிடங்குகளில் சரக்கைப் பதியும் கம்பியில்லாக் கைக்கருவிகள் பலவும், அந்த முனையத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளால் இயங்குகின்றன. கணினியின் முகவரி, முனையத்தின் வகை, திரையின் அளவு, விசைகளின் பொருள் ஆகிய நான்கும் இரு பக்கமும் ஒத்திருந்தால்தான் பதிவு சரியாக நடக்கும். உரக்கடைக் கருவியின் மென்பொருள் வேறு. ஆயினும், இரு முனைகளும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி இதற்கும் பொருந்தும்.

விற்பனையாளர் கவனிக்க வேண்டியவை

1. காலையில் கடை திறந்ததும் மின்கலம், சிம் அட்டை, அலைவரிசை ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும்.

2. அலைவரிசை மங்கலாக இருந்தால் கருவியை வாசலருகே கொண்டுவரலாம். வைஃபை இருப்பின் அதில் இணைக்கலாம்.

3. தேதியும் நேரமும் சரியாக இருத்தல் வேண்டும்.

4. மென்பொருளின் புதிய பதிப்பைக் கூட்டமில்லாத வேளையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

5. வந்திறங்கிய உரத்தைப் பெற்றுக்கொண்டதாகக் கருவியில் உடனே பதிய வேண்டும். இல்லையேல், கிடங்கில் மூட்டை இருந்தும் கருவியில் இருப்பு காட்டாது.

உழவர் கவனிக்க வேண்டியவை

மண்ணிலும் சேற்றிலும் உழைக்கும் கையில் ரேகை தேய்ந்திருப்பது இயல்பு. கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு விரலை வைக்கவும். ஒரு விரல் ஏற்காவிடில் வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். 2020 செப்டம்பரில் வெளியான 3.1 பதிப்பில், ரேகைக்குப் பதிலாகக் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைக் கொண்டு வாங்கும் வசதி சேர்க்கப்பட்டது. இதற்கு ஆதாருடன் கைப்பேசி எண் இணைந்திருத்தல் அவசியம்.

பிறர் வாங்கும் உரத்திற்கு உங்கள் ரேகையையோ எண்ணையோ கொடுக்காதீர்கள். ரசீதைக் கேட்டு வாங்கி, மூட்டைகளின் எண்ணிக்கையும் விலையும் சரிதானா என்று அங்கேயே பாருங்கள். எடுத்துச் செல்லாத உரம் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, உரமிடும் நாள்வரை காத்திராமல் நான்கைந்து நாள் முன்னதாகவே கடைக்குச் செல்லுங்கள். கருவி ஒருநாள் நின்றாலும் பயிருக்கு உரிய காலத்தில் உரமிட்டு உழவர்கள் பயன் பெறலாம்.