பிள்ளைகள் கையிலும் பத்திரிகை தவழ வேண்டும்!

மாட்டுங்கா, தாராவி, செம்பூர், முலுண்டு என்று மும்பையில் தமிழ்ப் பத்திரிகை விற்கும் இடத்தில் சற்று நின்று பாருங்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் தலை நரைத்தவராகவே இருப்பார். ஊரிலிருந்து வந்து மில்லிலோ, ஆபீசிலோ, கடையிலோ வேலை பார்த்து இங்கேயே குடும்பம் அமைத்தவர். அவர் வீட்டில் கல்லூரிக்குப் போகும் மகன் இருப்பான். பள்ளிக்குப் போகும் மகள் இருப்பாள். ஆனால் பத்திரிகை மட்டும் அவர் ஒருவர் கையோடு நின்றுவிடுகிறது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே பத்திரிகை படிக்கிறார்கள்? எப்போதும் போன்தானே!" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அது பாதி உண்மை. ஊரில் வளரும் பிள்ளை பத்திரிகையைத் தொடவில்லை என்றால், அவனுக்கு அதில் நாட்டமில்லை என்று சொல்லலாம். வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளையின் கதை வேறு. அவனுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, நாவில் இருக்கிறது, கண்ணில் இல்லை.

"ஏலே, இந்தத் தலைப்பைச் சத்தமா வாசி, கேப்போம்" என்கிறார் அப்பா. "நீங்களே வாசிங்கப்பா, எனக்குத் தமிழ் எழுத்து தெரியாதுல்லா" என்கிறான் மகன். பேச்சு அசல் நெல்லைத் தமிழ். எழுத்து மட்டும் வராது. தாராவியில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ!

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் மராட்டிய மாநிலத்தில் சுமார் 5 லட்சம் பேர். கர்நாடகத்தில் சுமார் 21 லட்சம் பேர். இவர்களுடைய பிள்ளைகள் தமிழ் படிக்காவிட்டால், இந்த மாநிலங்களில் வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அடுத்த தலைமுறை வாசகர் கிடையாது. அப்படி ஒரு பத்திரிகை நின்றுபோனால், நமது குறைகளை நமது மொழியில் எடுத்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

பள்ளியில் கிடைக்காத எழுத்து

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. 1956-ல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகிறது. ஆயினும் பெற்றோரில் பலர் ஆங்கில வழிப் பள்ளியையே நாடுகிறார்கள். பிழைப்பை நினைத்து அப்படிச் செய்கிறார்கள். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே பிள்ளை ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றையும் படிக்கிறான். வீட்டில் பேசும் மொழியை மட்டும் படிப்பதில்லை.

எனவே, இளைய வாசகரைப் பிடிக்க விரும்பும் வெளிமாநிலத் தமிழ்ப் பத்திரிகை, ஊர்ப் பத்திரிகை செய்வதை அப்படியே செய்தால் போதாது. எழுத்தறிவிக்கும் வேலையையும் அதுவே ஏற்க வேண்டும்.

முப்பது எழுத்து போதும்

"247 எழுத்தா!" என்று பிள்ளைகள் மலைக்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் மலைப்பு நீங்கும். உயிர் 12, மெய் 18. ஆய்தம் ஒன்று. மற்ற 216-ம் இவற்றின் சேர்க்கைதான்.

இந்தியும் மராத்தியும் படித்த பிள்ளைக்கு இது இன்னும் சுலபம். எழுத்தோடு காலும் கொம்பும் சேர்ந்து ஒலி மாறும் முறை அவனுக்கு முன்பே பழக்கம். இந்தியில் 'க' வரிசைக்கு நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒன்றே ஒன்று. எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பது தமிழ் பேசும் பிள்ளையின் காதுக்கே தெரியும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தபோது லை, னை போன்ற எழுத்துகளும் ஒழுங்குக்கு வந்துவிட்டன. அன்றைக்கு நாம் பட்ட சிரமம் இன்றைய பிள்ளைக்கு இல்லை.

ஆகவே, பத்திரிகையில் தினமும் கால் பக்கம் போதும். பெரிய எழுத்து, நாலைந்து சொற்களில் முடியும் வாக்கியம், அன்றைய செய்தி ஒன்று. கிரிக்கெட்டாக இருக்கலாம், மழையில் ரயில் நின்ற செய்தியாக இருக்கலாம். பாடப்புத்தகத்தில் வரும் பசுவும் பலகையும் பதினைந்து வயதுப் பையனை இழுக்காது. நேற்று நடந்த மேட்ச் இழுக்கும்.

முன்பே நடந்ததுதான்

இது புதுமையல்ல. 1942-ல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதி. அவர் படித்தவர்களை மட்டும் நம்பிப் பத்திரிகை நடத்தவில்லை. பேசுகிற தமிழ், சின்னச் சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு என்று நடத்தினார். டீக்கடையில் ஒருவர் வாசிக்க, நாலு பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் மெல்ல எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள். இல்லாத வாசகரைப் பத்திரிகையே உண்டாக்கியது.

அதே பத்திரிகையில் 1960-ல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையை மறக்க முடியுமா? சிந்துபாத்துக்கு அடுத்து என்ன ஆயிற்று என்று அறியும் ஆவலில் எழுத்துக் கூட்டிய சிறுவர்கள் பிறகு மற்றப் பக்கங்களையும் புரட்டினார்கள். நம்மில் பலர் அப்படிப் படிக்கப் பழகியவர்கள்தாம்.

அண்டை மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். 'மலையாள மனோரமா' ஆசிரியராக இருந்த கே. சி. மாம்மன் மாப்பிள்ளை 1929-லேயே 'அகில கேரள பாலஜன சக்யம்' என்ற சிறுவர் சங்கத்தைத் தொடங்கினார். 'மாத்ருபூமி' வார இதழின் சிறுவர் பகுதியைக் கவிஞர் குஞ்ஞுண்ணி 'குட்டேட்டன்' என்ற பெயரில் கவனித்துக்கொண்டார். மலையாளிகளின் பத்திரிகைப் பழக்கம் தானாக வளர்ந்துவிடவில்லை. சிறு வயதிலேயே விதைத்திருக்கிறார்கள்.

பிரான்சில் 1995-ல் 'மோன் கொத்திடியன்' என்ற தினசரி தொடங்கப்பட்டது. பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ளவர்களுக்கான பத்திரிகை அது. பத்து நிமிடத்தில் படித்து முடிக்கலாம் என்பதே அதன் கொள்கை. பள்ளிப் பாடச் சுமைக்கு நடுவே பிள்ளையிடம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்த ஏற்பாடு. நாமும் அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்கலாம்.

அவர்களுக்கான செய்தி எங்கே?

எழுத்து தெரிந்தால் மட்டும் போதுமா? பக்கத்தைத் திறந்தால் அவர்களுக்கு வேண்டிய செய்தி இருக்க வேண்டும். திருநெல்வேலியில் நடந்த கட்சிக் கூட்டம் அப்பாவுக்குச் செய்தி. மும்பையில் பிறந்த மகனுக்கு அது தொலைதூரச் சங்கதி. அவனுடைய ஊர் இதுதான்.

பதினோராம் வகுப்பில் இடம் கிடைப்பது எப்படி? மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளில் நமக்கென ஒதுக்கப்படும் இடங்களுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்? ரயில்வே தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? அக்கம்பக்கத்துக் கபடிக் குழு, கேரம் போட்டி, தமிழ்ச் சங்க விழாவில் பரிசு பெற்றவர்கள் யார்? இவை தினமும் வந்தால் இளைஞர்கள் தேடி எடுத்துப் பார்ப்பார்கள்.

தாராவியையே எடுத்துக்கொள்ளுங்கள். மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பணி 2024-ல் தொடங்கியது. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கான சான்று அங்கே பெரிய கேள்வியாகிவிட்டது. பழைய ரேஷன் கார்டும் மின்சார ரசீதும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று அப்பாவுக்குத் தெரியும். அதிகாரியிடம் மராத்தியில் பேச மகனுக்குத் தெரியும். இருவரும் ஒரே செய்தியைப் படித்து ஒன்றாக உட்கார்ந்து பேசினால்தான் வீட்டைக் காப்பாற்ற முடியும். அந்தச் செய்தியைத் தமிழில் விளக்கமாகப் போடும் பத்திரிகைக்கு எந்த வீட்டிலும் இடம் உண்டு.

பெயர் அச்சில் வரட்டும்

இளைஞர்களைப் பற்றி எழுதினால் மட்டும் போதாது. அவர்களையும் எழுதச் சொல்ல வேண்டும். பத்து வரிக் கடிதம், ஒரு படம், தங்கள் தெருவைப் பற்றிய ஒரு செய்தி எதுவானாலும் சரி. எழுத்துப்பிழையைத் திருத்திப் போடுங்கள். பிழை இருக்கிறதென்று ஒதுக்காதீர்கள். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை மறுநாளும் அந்தப் பக்கத்தைத் தேடுவான். அவன் தாய் அதைக் கத்தரித்துப் பத்திரப்படுத்துவாள். ஊரிலிருக்கும் ஆச்சிக்கும் ஒரு பிரதி போய்ச் சேரும்.

போனை எதிரியாக நினைக்கவும் வேண்டாம். அதே கால் பக்கத்தைப் போனில் கொடுத்து, கூடவே ஒருவர் நிதானமாக வாசிக்கும் குரலையும் சேர்த்தால், எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். லோக்கல் ரயிலில் நிற்க இடமில்லாதபோதும் கேட்கலாம். காது வழியே இருக்கும் தமிழைக் கண்ணுக்குக் கொண்டுவர அது நல்ல உதவி.

நம் பங்கும் உண்டு

பத்திரிகை எவ்வளவு செய்தாலும், அதை வீட்டுக்குக் கொண்டு வருகிறவர் நீங்கள். படித்து முடித்ததும் ரயிலிலோ ஆபீஸ் மேஜையிலோ விட்டுவிட்டு வராதீர்கள். மாலையில் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, தினம் ஒரு தலைப்பை மட்டும் எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தால் சிரிக்க வேண்டாம், அதட்டவும் வேண்டாம். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம் என்பதும் பெரிய நேரம்தான். ஆனாலும் ஒரு மூன்று மாதம் விடாமல் முயன்று பாருங்கள். நீங்கள் கேட்காமலே பிள்ளை பத்திரிகையை வாங்கிப் புரட்டும் நாள் வரும்.

தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் ஆண்டு விழாவுக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதியை எடுத்து, அருகிலுள்ள பள்ளிகளுக்கும் படிப்பகங்களுக்கும் நாளுக்கு ஒரு பிரதி போட ஏற்பாடு செய்யலாம். பிள்ளைகளுக்கு எந்தச் செய்தி பிடிக்கிறது, எது புரியவில்லை என்று பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதலாம். அந்தக் கடிதத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.