நிலமே கூலியாய் இருந்த காலம்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் செல்வோரைப் பிலிமத்தலாவையில் வரவேற்பவை பித்தளைக் குத்துவிளக்குகள் மின்னும் கடைகளே. அவ்விளக்கை வார்க்கும் கையின் வரலாற்றை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டோ?

கண்டி அரசர் காலத்தில் உழவன், போர்வீரன், கைவினைஞன் என்போர் முற்றிலும் வேறுவேறானவர் அல்லர். தொழிலாளிக்குக் காசுக்குப் பதிலாக வயலே கூலியாகக் கிடைத்தது. அதை உழுது உண்டவன், ஈடாக அரசனுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்தான். இதுவே இராஜகாரியம். கொல்லன் உழுகருவியோடு படைக்கலமும் செய்தான். போர் மூண்டாலோ, உழவர் ஏரை நிறுத்திவிட்டுத் தம் உணவைத் தாமே சுமந்து களம் சென்றனர்.

1815ஆம் ஆண்டில் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு நீங்கியது நன்றே. ஆயினும் பட்டறையைத் தாங்கி நின்ற அரச ஆதரவு முன்னரே மறைந்துவிட்டது. விகாரை, தேவாலய நிலங்களில் பழைய முறை நீடித்தது. பழைய கைவினைஞரின் வாழ்வையும் அவர்தம் கலையின் நலிவையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலில் விரித்துரைத்தார்.

அரசன் அளித்த வயல் இன்றில்லை. வாங்குவோர் தரும் விலையே கைவினைஞனுக்கு வயல். ஆதலின் விளக்கிற்கு விலை பேசுகையில், பித்தளையின் எடையோடு அதை வார்த்த கையின் உழைப்பையும் சேர்த்து நிறுத்துப் பார்ப்போமாக.